இடுப்பு மூட்டு மாற்றியாயிற்று, ஸ்டிக்கரை வாங்கினீர்களா?

இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர்களில் சிலர், சில வருடங்கள் கழித்துத் தொடையில் வலி என்று வேறொரு மருத்துவரிடம் போகிறார்கள். அவர் முதலில் கேட்பது, "உள்ளே வைத்திருப்பது எந்தக் கம்பெனி, என்ன அளவு?" மஞ்சப்பையைக் கவிழ்த்தால் எக்ஸ்ரே பிலிம் இருக்கும், மருந்துச் சீட்டு இருக்கும், பணம் கட்டிய ரசீதுகள் கட்டுக்கட்டாக இருக்கும். மருத்துவர் கேட்ட தாள் மட்டும் இருக்காது. அதை யாரும் கொடுக்கவில்லை, இவர்களும் கேட்கவில்லை. இதையே திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியிருப்பதால்தான் இந்தக் கட்டுரை.

வீட்டில் நடக்கும் அலட்சியமும் இதற்குக் குறைந்ததில்லை. மூன்றாவது வாரமே கோயில் மண்டபத்தில் தரையில் உட்கார்ந்து எழும்போது மூட்டு நழுவியவர்கள் உண்டு. "வயிறெல்லாம் ஊதாக் கறை விழுது" என்று ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஊசியைத் தாங்களாகவே நிறுத்தியவர்கள் உண்டு. ஒரு மாதம் கட்டிலை விட்டு இறக்காமல், அதைப் பணிவிடை என்று நினைத்த பிள்ளைகளும் உண்டு. அறுவை இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். அதன் பிறகு வரும் மூன்று மாதமும் நோயாளியின் குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது.

இந்த அறுவை முதியோருக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். குளியலறையில் வழுக்கி, தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்த பாட்டிகள் ஒருபுறம். குடியாலோ, நீண்ட நாள் ஸ்டீராய்டு மருந்தாலோ தொடை எலும்பின் தலைக்கு ரத்த ஓட்டம் நின்று, முப்பது நாற்பது வயதிலேயே மூட்டு மாற்ற வேண்டிவரும் ஆண்கள் இன்னொருபுறம். இளைய வயதில் மாற்றிக்கொண்டவர் அந்தச் செயற்கை மூட்டோடு பல பத்தாண்டுகள் வாழ வேண்டியவர். அவருக்குத்தான் காகிதங்கள் அதிகம் தேவைப்படும்.

பெரும்பாலும் அறுவை முடிந்த மறுநாளே பிசியோதெரபிஸ்ட் வந்து வாக்கர் பிடித்து நிற்க வைப்பார். "இப்பத்தானே ஆபரேஷன் ஆச்சு, அப்பாவை ஏன் இப்படிப் பாடாப் படுத்துறீங்க?" என்று மறிக்காதீர்கள். அசையாமல் கிடந்தால் கெண்டைக்காலின் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும். அந்த உறைகட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்குப் பத்து முறையாவது கணுக்காலை மேலும் கீழும் அசைக்கச் சொல்லுங்கள். உடனிருப்பவர் கைபேசி பார்க்கும் நேரத்தில் இதை நினைவுபடுத்தினாலே போதும்.

டிஸ்சார்ஜுக்கு முந்தைய நாள் மருத்துவர் ரவுண்ட்ஸ் வரும்போது ஒரு நோட்டுப் புத்தகத்தோடு காத்திருங்கள். இடுப்பை எந்தப் பக்கமாகத் திறந்தீர்கள், முன்பக்கமா பின்பக்கமா? இந்தக் காலில் முழு எடையையும் ஊன்றலாமா? உறையாமல் இருக்கும் மருந்து எந்தத் தேதி வரை? தையல் எந்தத் தேதியில் பிரிக்க வேண்டும்? பதில்களைத் தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள். எந்தப் பக்கமாகத் திறந்தார்கள் என்பதைப் பொறுத்து வீட்டில் செய்யக்கூடாதவை மாறும். இவ்வளவையும் மருத்துவமனையே ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். பல இடங்களில் டிஸ்சார்ஜ் சம்மரியில் இருப்பதோ, அறுவை நடந்தது, இரண்டு வாரம் கழித்து வரவும் என்று ஆங்கிலத்தில் இரண்டே வரி. லட்சக்கணக்கில் பில் போடத் தெரிந்தவர்களுக்கு இன்னும் பத்து வரி எழுத நேரமில்லை என்பதை ஏற்க முடியாது. கேட்டு எழுதி வாங்குங்கள்.

இப்போது, தொடக்கத்தில் சொன்ன, மருத்துவர் கேட்ட அந்தத் தாளுக்கு வருகிறேன். முழு இடுப்பு மூட்டு மாற்றில் பொதுவாக நான்கு பாகங்கள் உடம்புக்குள் போகும்: இடுப்பெலும்பில் பொருத்தும் கிண்ணம், அதற்குள் உட்காரும் லைனர், பந்து, தொடை எலும்புக்குள் இறங்கும் தண்டு. ஒவ்வொன்றும் தனிப் பெட்டியில் வரும். பெட்டிக்குள் உரித்து ஒட்டும் ஸ்டிக்கர்கள் இருக்கும். கம்பெனி பெயர், பாகத்தின் பெயர், அளவு, லாட் எண் அல்லது சீரியல் எண் எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். தியேட்டர் நர்ஸ் அவற்றை உங்கள் கேஸ் ஷீட்டில் ஒட்டிவிடுவார். ஒரே ஸ்டிக்கர் பல பிரதிகளாக வருவதால் உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியிலும் ஒரு செட் ஒட்டித் தரலாம். அறுவைக்கு முன்பே, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும்போதே, "இம்ப்ளான்ட் ஸ்டிக்கர் எங்களுக்கும் ஒரு செட் வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள்.

இதற்கு ஏன் இவ்வளவு அழுத்தம் என்றால், ஏஎஸ்ஆர் விவகாரத்தை நினைத்துப் பாருங்கள். ஜான்சன் அண்ட் ஜான்சன் குழுமத்தைச் சேர்ந்த டிபுய் நிறுவனத்தின் ஏஎஸ்ஆர் இடுப்பு மூட்டில் உலோகத்தோடு உலோகம் உரசி, கோபால்ட்டும் குரோமியமும் ரத்தத்தில் கலந்தன. 2010 ஆகஸ்டில் அது உலகம் முழுவதும் திரும்பப் பெறப்பட்டது. இந்தியாவில் அதை வைத்துச் செய்த அறுவைகள் சுமார் 4,700. அந்த அறுவை செய்துகொண்டவர்களில் பெரும்பாலோர் யார், எங்கே இருக்கிறார்கள் என்று 2018இல்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை. மத்திய அரசு அமைத்த குழு முதலில் குறைந்தது ₹20 லட்சம் இழப்பீடு என்றது. பிறகு பாதிப்பைப் பொறுத்து ₹30 லட்சம் முதல் ₹1.23 கோடி வரை என்று கணக்கீட்டு முறை வந்தது. ஆனால் உடம்புக்குள் இருப்பது எந்த மூட்டு என்று காட்டும் ஆவணம் இல்லாதவர் எதை வைத்துக் கேட்பார்?

சட்டம் மருத்துவமனையை எவ்வளவு காலம் பொறுப்பாக்குகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி உள்நோயாளி ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கியதிலிருந்து மூன்று ஆண்டுகள் வைத்திருந்தால் போதும். மூட்டோ பதினைந்து இருபது ஆண்டுகள், அதற்கு மேலும் உள்ளே இருக்கும். நான்காம் ஆண்டு போய்க் கேட்டால், கோப்பு இல்லை என்று சட்டப்படியே கைவிரிக்கலாம்.

அதே விதிகள் நமக்கு ஓர் உரிமையையும் தருகின்றன: நோயாளியோ அவர் அதிகாரம் அளித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். வாயால் கேட்டால் நாளை வா என்பார்கள். எழுதிக் கொடுங்கள். மருத்துவமனையின் மெடிக்கல் ரெகார்ட்ஸ் பிரிவுக்கு, மருத்துவக் கண்காணிப்பாளர் பெயரிட்டு ஒரு கடிதம். அதில் நோயாளியின் பெயர், வயது, ஐபி எண், சேர்ந்த தேதி, டிஸ்சார்ஜ் ஆன தேதி இருக்கட்டும். "கேஸ் ஷீட் நகல் தேவை" என்று பொதுவாக எழுதாமல், அறுவைக் குறிப்பு, இம்ப்ளான்ட் ஸ்டிக்கர் ஒட்டிய பக்கம், மயக்க மருந்துக் குறிப்பு, ரத்தப் பரிசோதனை முடிவுகள், அறுவைக்குப் பிந்தைய எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சம்மரி, ஒவ்வொரு செலவையும் பிரித்துக் காட்டும் பில் என்று தனித்தனியாகக் கேளுங்கள். நோயாளி வர முடியாவிட்டால் அவர் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதமும், இருவரின் ஆதார் நகலும் இணையுங்கள். இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் முத்திரையும் தேதியும் நேரமும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் அதே கடிதத்தை விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்திருங்கள். நகல் எடுக்கும் செலவைக் கேட்டால் கொடுத்து ரசீது பெறுங்கள்.

அரசு மருத்துவமனையில் தாமதப்படுத்தினால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பம், ₹10க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், 30 நாளில் பதில். தனியார் மருத்துவமனை தர மறுத்தால் மாவட்டத்தின் மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். தமிழ்நாட்டில் மருத்துவ நிறுவனங்களுக்கான 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மாவட்ட அளவில் அந்த அதிகாரம் அவரிடம்தான். கடிதத்தின் முத்திரையிட்ட பிரதி இல்லாமல் போனால் அங்கும் உங்களைத் திருப்பி அனுப்புவார்கள்.

கிடைத்த ஸ்டிக்கர் பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்து, வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்புங்கள். தாளை வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். வெயிலில் அச்சு மங்கும் என்பதால் நகலும் எடுங்கள். மறுபடியும் சொல்கிறேன்: எக்ஸ்ரே போதாது. எக்ஸ்ரேயில் மூட்டின் வடிவம் தெரியும், லாட் எண் தெரியாது.

வீட்டுக்கு வரும் முன்பே வீட்டைத் தயார் செய்யுங்கள். வெஸ்டர்ன் டாய்லெட் இல்லாவிட்டால் கமோடு சேர் வாங்குங்கள், வாடகைக்கும் கிடைக்கிறது. கயிற்றுக் கட்டில் நடுவில் தொய்வதால் கூடாது. உயரமான, கெட்டியான கட்டில் வேண்டும். உட்காரும் நாற்காலிக்குக் கைப்பிடி இருக்க வேண்டும், உட்கார்ந்தால் இடுப்பைவிட முழங்கால் தாழ்ந்திருக்க வேண்டும். குளியலறையில் ரப்பர் விரிப்பு, சுவரில் கைப்பிடிக் கம்பி, நடைபாதையில் கிடக்கும் மிதியடியை எடுத்துவிடுதல். இவற்றுக்குப் பெரிய செலவில்லை.

பின்பக்கமாகத் திறந்து செய்த அறுவை என்றால் மருத்துவர் சரி என்று சொல்லும் வரை, பொதுவாக ஆறு முதல் பன்னிரண்டு வாரம் வரை, இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது. கால் மேல் கால் போடக் கூடாது. பாதத்தை உள்பக்கமாகத் திருப்பக் கூடாது. தூங்கும்போது இரண்டு காலுக்கும் நடுவே தலையணை வேண்டும். தரையில் விழுந்த சாவியைக் குனிந்து எடுப்பது, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தபடி காலடியில் கிடக்கும் போர்வையை எட்டி இழுப்பது, இரண்டுமே மூட்டை நழுவ வைக்கும். சம்மணம், குத்துக்கால், தரைப்பந்தி எதுவும் கூடாது. அதன் பிறகும் தரையில் உட்காரலாமா என்பதை உங்கள் மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் உட்கார்ந்தார் என்பது உங்களுக்குப் பொருந்தாது, அவருக்கு வைத்த மூட்டும் செய்த முறையும் வேறு. படியேறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில். கைத்தடி, அறுவை செய்த பக்கத்துக்கு எதிர்க் கையில்.

எண்ணெய் தேய்த்து நீவி விடுவதற்கு ஆளைக் கூப்பிடாதீர்கள். நல்ல எண்ணத்தில் செய்தாலும் புதிய மூட்டை நழுவச் செய்யவும், கெண்டைக்காலின் உறைகட்டியை நகர்த்திவிடவும் அது போதும்.

இனி வருபவை நள்ளிரவானாலும் காத்திருக்கக் கூடாத அறிகுறிகள். திடீரென்று தாங்க முடியாத வலி, கால் குட்டையாகி உள்பக்கம் திரும்பிவிட்டது என்றால் மூட்டு கழன்றிருக்கலாம். இழுத்துப் பார்க்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, இருமலில் ரத்தம் என்றாலும் 108தான். கெண்டைக்கால் வீங்கிச் சூடாக வலித்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். உறையாமல் இருக்கும் மருந்து பொதுவாக நான்கைந்து வாரம் தொடர வேண்டியது. கறை விழுகிறது என்றால் மருத்துவரைக் கேளுங்கள், நீங்களே நிறுத்தாதீர்கள். காயத்தில் நீர் கசிந்தாலோ, சிவந்து காய்ச்சல் வந்தாலோ மருந்துக் கடையில் கேட்டு ஆன்டிபயாட்டிக் விழுங்காதீர்கள். பரிசோதனைக்கு முன் விழுங்கிய மாத்திரை, எந்தக் கிருமி என்று கண்டுபிடிப்பதையே கெடுத்துவிடும். அறுவை செய்தவரிடமே போங்கள். வருடங்கள் கழித்தும் பல், சிறுநீர்ப் பாதை, சர்க்கரை நோயாளியின் கால் புண் ஆகியவற்றிலிருந்து கிருமி ரத்தத்தின் வழியே செயற்கை மூட்டில் போய்த் தங்கலாம். பல் மருத்துவரிடமும் இந்த மூட்டைப் பற்றிச் சொல்லிவிடுங்கள்.

பணத்தைப் பற்றி. முழங்கால் மூட்டுக்கு 2017 ஆகஸ்டில் அரசு உச்சவரம்பு விலை வைத்தது. இடுப்பு மூட்டுக்கு அப்படி வைக்கவில்லை. ஆகவே இம்ப்ளான்டின் விலையை முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். ஆண்டு வருமானம் ₹1,20,000க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள திட்ட மையத்தில் பதிய வேண்டும். அட்டை இருந்தும் மருத்துவமனை தனியாகப் பணம் கேட்டால் 1800 425 3993 என்ற எண்ணில் உடனே, அங்கிருந்தபடியே சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்து சொன்னால் சான்று இருக்காது.

மூட்டிலேயே குறை என்று சந்தேகம் வந்தால் மருத்துவச் சாதனங்களின் பாதிப்புகளைப் பதிவு செய்யும் தேசிய உதவி எண் 1800 180 3024. அங்கேயும் கேட்பது அந்த ஸ்டிக்கரில் உள்ள எண்ணைத்தான். மருத்துவரின் கவனக்குறைவு என்றால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் செய்யலாம். கட்டணம் செலுத்திய சிகிச்சை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், அதைத் தவற விட்டவர்கள் ஏராளம்.

பிசியோதெரபிக்குத் தினமும் பணம் கொடுத்து ஆளை வரவழைக்க முடியாத குடும்பங்களே அதிகம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் வருகிறார். ஆனால் அவருக்கு உங்கள் வீடு தெரிந்திருக்க வாய்ப்பில்லை. டிஸ்சார்ஜ் ஆன வாரத்திலேயே கிராம சுகாதாரச் செவிலியரிடமோ, ஆரம்ப சுகாதார நிலையத்திலோ டிஸ்சார்ஜ் சம்மரி நகலைக் கொடுத்துப் பெயரைப் பதியச் சொல்லுங்கள். பதியவில்லை, ஆள் வரவில்லை என்றால் 104 சுகாதார உதவி எண்ணில் சொல்லி, அவர்கள் தரும் புகார் எண்ணைக் குறித்துக்கொண்டு மறுபடியும் போய்க் கேளுங்கள்.