கல்லா, கேப்பா?

துப்பாக்கிக் குழாயின் வாய் வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, அதன்மேல் ஈயக் குண்டை இட்டு, நீண்ட கம்பியால் இடித்துக் கெட்டித்துச் சுடும் முறை, ஐரோப்பியப் படைகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் பெரிய மாறுதல் ஏதுமின்றி நிலவி வந்ததாயினும், உள்ளே கிடக்கும் அம்மருந்துக்கு நெருப்பை எங்கிருந்து கொண்டு வருவது என்ற கேள்விக்கு மட்டும் காலந்தோறும் வெவ்வேறு விடைகள் கிடைத்து வந்தன. அவற்றுள் கடைசியாக எதிரெதிரே நின்றவை இரண்டு: சிக்கிமுக்கிக் கல் ஒன்று, செப்புக் கேப்பு மற்றொன்று.

கல் துப்பாக்கியில், ‘குதிரை’ என்று வழங்கும் சுத்தியலின் வாயில் தோல் சுற்றிய கல்லொன்று கவ்வப்பட்டிருக்கும். விசையை இழுத்தவுடன் குதிரை பாய்ந்து எதிரே நிற்கும் எஃகுத் தகட்டில் உராய, தகடு முன்னே சாய்ந்து, அதன் அடியில் மூடிக்கிடந்த சிறு கிண்ணம் திறந்துகொள்ள, கிண்ணத்திலுள்ள மெல்லிய பொடி மருந்தில் பொறி விழுந்து, அந்தச் சுவாலை குழாயின் பக்கத்துத் துளை வழியே புகுந்து உள்மருந்தைப் பற்றவைக்கும். பொறி கல்லிலிருந்து பிறப்பதாகவே பலரும் எண்ணுகிறார்கள். கல் செய்வதெல்லாம் எஃகிலிருந்து நுண்ணிய துகள்களைச் சீவி விடுவதுதான். எரிந்து பறப்பவை அந்தத் துகள்களே. கல் மழுங்கினாலும், துளை அடைபட்டாலும், கிண்ணத்து மருந்து நனைந்தாலும் வேட்டு இல்லை. எல்லாம் ஒழுங்காக நடந்தேறிய வேளையிலும், கண்ணெதிரே கிண்ணம் மின்னுவதற்கும் குண்டு புறப்படுவதற்கும் இடையே ஒரு சிறு தாமதம் உண்டு.

இந்தத் தாமதந்தான் ஸ்காட்லாந்து தேசத்தில் பெல்ஹெல்வி என்னும் ஊரின் பாதிரியாராயிருந்த அலெக்சாண்டர் போர்சைத்தின் மனத்தை உறுத்திற்று. மின்னொளியைக் கண்ட மாத்திரத்தில் பறவைகள் கலைந்து தப்பிவிட்டனவாம். பாதிரியாருக்கு வேட்டையில் இத்தனை சிரத்தை தகுமா என்பதை அவருடைய சபையார்தாம் சொல்ல வேண்டும். நமக்கு வேண்டியது, அடித்த மாத்திரத்தில் வெடிக்கும் ரசாயனப் பொருளைக்கொண்டே துப்பாக்கி மருந்தைப் பற்றவைக்கலாம் என்று அவர் கண்டு, 1807-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார் என்பது. பீரங்கி இலாகாத் தலைவராயிருந்த மொய்ரா பிரபு அவரை லண்டன் கோபுரக் கோட்டைக்கு வரவழைத்து ஆராய்ச்சிக்கு இடமளித்தார். அடுத்து வந்த சாத்தம் பிரபு அவரை வெளியேற்றிவிட்டார். சர்க்கார் காரியங்களில் இஃது அபூர்வமன்று.

அடித்தால் வெடிக்கும் அந்தப் பொருளைச் சின்னஞ்சிறு செப்புக் குல்லாயில் அடைத்துவைக்கும் உபாயம் சில ஆண்டுகள் கழித்தே தோன்றிற்று. தீபாவளியில் சிறுவர்கள் விளையாட்டுத் துப்பாக்கியில் வைத்து வெடிக்கும் பொட்டுக் கேப்பை அறிந்தவர்களுக்கு இதன் தத்துவம் எளிதில் விளங்கும். குழாயின் பின்புறத்திலுள்ள துளையிட்ட சிறு முனையின்மேல் கேப்பைப் பொருத்திவிட்டால், குதிரை அதன்மேல் விழுந்து அடிக்க, நெருப்பு நேரே உள்ளே பாயும். திறந்த கிண்ணமும் இல்லை. முகத்தெதிரே பெரிய சுவாலையும் இல்லை.

1834-ல் ஊல்விச்சில் ஆங்கிலச் சர்க்கார் இரு வகையையும் வைத்துப் பரீக்ஷை நடத்தியபொழுது, ஒவ்வொன்றிலும் 6,000 முறை சுட்டதில், கல் துப்பாக்கி 922 முறையும் கேப்புத் துப்பாக்கி 36 முறை மாத்திரமும் வெடிக்கத் தவறின. ஆறரை முறைக்கொரு தரம் ஏமாற்றும் ஆயுதத்தை ஏந்தியா ஐரோப்பா அத்தனை யுத்தங்களை நடத்திற்று என்று வியப்புத் தோன்றுகிறது.

ஆயினும், புதிய ஆயுதம் எல்லாச் சிப்பாய்களுக்கும் ஒரே காலத்தில் கிடைத்துவிடவில்லை. அபினி யுத்தத்தின்போது, 1841 மே 30 அன்று, சீனத்தில் காண்டன் நகருக்கு வடக்கேயுள்ள சான்யுவான்லி கிராமப் புறத்தில், மதராஸ் சுதேசிக் காலாட்படையின் 37-வது பட்டாளத்தைச் சேர்ந்த ஒரு பிரிவு, பெருமழையில் வழி தவறித் தனித்துப்போய், ஈட்டியும் கொக்கியும் ஏந்திய கிராமத்தாரால் சூழப்பட்டது. சிப்பாய்களின் கையிலிருந்தவை கல் துப்பாக்கிகள். நனைந்தபின் அவை வெறுங் கழிகளே. நாற்புறமும் முகங்காட்டிச் சதுரமாக நின்று, துப்பாக்கி முனையில் செருகிய ஈட்டிகளை நம்பி அவர்கள் பொழுதைக் கழிக்க, கேப்புத் துப்பாக்கி ஏந்திய கடற்படை வீரர்கள் தேடி வந்து அந்த மழையிலேயே சுட்டு அவர்களை மீட்டனர். யாருடைய நாட்டில், எந்த வியாபாரத்துக்காக நம்மவர்கள் அப்படி நனைந்து நின்றார்கள் என்பது வேறு கதை.

இவ்வளவும் கேட்டபின் கல்லுக்காகப் பேச யாரேனும் உண்டா? உண்டு. 1847-ல் மெக்சிகோவின்மேல் படையெடுத்துச் சென்ற அமெரிக்கத் தளபதி வின்பீல்டு ஸ்காட், புதுமுறையை முழுதும் நம்பாமல் கல் துப்பாக்கிகளையே விரும்பினார். இதைக் கிழவரின் பிடிவாதம் என்று தள்ளிவிடுவது எளிது. நான் அப்படித் தள்ளமாட்டேன். கல்லைத் தரையிலிருந்து எடுக்கலாம், உடைக்கலாம், மழுங்கினால் சீவிக்கொள்ளலாம். கேப்போ, பாதரச ரசாயனமும் செப்புத் தகடும் யந்திரமும் உள்ள தொழிற்சாலையிலன்றிப் பிறவாது. கடைகளுக்கு வெகுதூரத்தில், மலைகளுக்கு அப்பால் திரிந்த வேட்டைக்காரர்களில் பலர் கல்லை விடாது வைத்திருந்ததற்கும் காரணம் இதுவே. கேப்பு தீர்ந்தால் கை ஓய்ந்தது. ஆகவே கல்லைக் கொண்டவன் தன் கவனத்தை நம்புகிறான். கேப்பைக் கொண்டவன் எங்கோ இருக்கும் ஆலையை நம்புகிறான். மழையிலும் போரிலும் ஆலையே வென்றது என்பதில் எனக்கு ஐயமில்லை.

பின்னால் தோட்டா செருகும் துப்பாக்கிகள் வந்து இரண்டையும் ஒருங்கே ஒதுக்கின. ஆயினும் விநோதமாக, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், 1974 முதல் கிறிஸ்துமஸுக்குப் பின்வரும் மான் வேட்டைப் பருவமொன்று கல் துப்பாக்கிக்கே உரியதாய் ஒதுக்கப்பட்டு வந்திருக்கிறது. கேப்புக்கு அந்தப் பருவத்தில் அநுமதி இல்லை. அதில் இறங்குபவர்கள் முதலில் கற்கவேண்டுவது, கிண்ணம் மின்னியவுடன் முகத்தைத் திருப்பாமல், குண்டு குழாயை விட்டு நீங்கும் வரையில் குறியிலேயே கண்ணை நிறுத்தியிருப்பது. கேப்புத் துப்பாக்கியில் பழகியவர்களுக்கு இதுதான் வெகு நாள் பிடிக்கிற பாடம்.