பிரா அளவை வீட்டிலேயே எடுத்துப் பாருங்கள்

பிராவுக்கு நீங்கள் கடைசியாக எப்போது அளவு எடுத்தீர்கள்? "எடுத்ததே இல்லை, எப்போதும் 38தான் வாங்குவேன்" என்பது உங்கள் பதிலானால், இந்தப் பக்கம் உங்களுக்குத்தான். பேசக் கூச்சமான விஷயம்தான். ஆனால் தோள்வலிக்கும் மார்புக்கு அடியில் வரும் சொறிக்கும் சில வேளைகளில் இதுவே காரணமாக இருக்கிறது.

மாதவிடாய் நின்ற பிறகு மார்பகத்தின் சுரப்பித் திசு குறைகிறது. கொழுப்பின் பங்கு கூடுகிறது. மார்பகம் மென்மையாகி, சற்றுக் கீழே இறங்குகிறது. உடல் எடையும் மாறியிருக்கும். 40 வயதில் பொருந்திய பிரா 65 வயதில் பொருந்தாமல் போவது இயல்பே.

இன்னொரு குழப்பமும் உண்டு. பலர் சொல்லும் அந்த 38, தையற்காரர் ரவிக்கைக்கு எடுத்த அளவு. ரவிக்கைக்கு மார்பின் மேல் அளவெடுப்பார்கள். பிராவின் எண்ணோ மார்பகத்துக்குக் கீழே, விலா எலும்பைச் சுற்றியுள்ள அளவைக் குறிப்பது. ரவிக்கை எண்ணைச் சொல்லி பிரா வாங்கினால் அடிப்பட்டை தளர்ந்துவிடும். மார்பைத் தாங்க வேண்டியது அந்தப் பட்டைதான். அது தளர்ந்தால் பாரம் முழுவதும் தோள்வாரில் விழும். தோளில் பள்ளம் பதியும், கழுத்து வலிக்கும்.

அளவெடுக்கும் முறை

தையல் டேப் ஒன்று போதும். பழைய துணி டேப் இழுபட்டு நீண்டிருக்கலாம். அடிக்கோலுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். பஞ்சு வைக்காத, வசதியான பிரா ஒன்றை அணிந்து, கண்ணாடி முன் நேராக நில்லுங்கள்.

முதலில் மார்பகத்துக்குச் சற்றுக் கீழே டேப்பைச் சுற்றுங்கள். மூச்சை வெளியே விட்டு, டேப் உடலோடு ஒட்டியிருக்கும்படி பிடித்து, சென்டிமீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, மார்பின் பருத்த பகுதியில் அழுத்தாமல் சுற்றி அளவெடுங்கள். இரண்டு முறையும் டேப் முதுகுப்புறம் இறங்கிவிடக் கூடாது. தோள் இறுக்கம் உள்ளவர்களுக்கு இது சிரமம்; மகளையோ தங்கையையோ பிடிக்கச் சொல்லுங்கள்.

கீழ் அளவு 79, மேல் அளவு 94 என்று வைத்துக்கொள்வோம். 79க்கு அருகிலுள்ள பட்டை அளவு 80. பழைய அங்குல எண்ணில் அது 36. இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம் 15. அதுதான் கப்பின் எழுத்தைத் தீர்மானிக்கிறது. ஐரோப்பிய முறையில் 15 என்றால் 'பி', ஜப்பானிய முறையில் 'சி'. நம் கடைகளில் இரண்டு வகையும் இருப்பதால், எழுத்தை மட்டும் நம்பி வாங்காமல் அணிந்து பாருங்கள். இந்தப் பெண்மணியின் ரவிக்கை அளவு ஏறக்குறைய 37 அங்குலம். 38 வாங்கினால் அவருக்குப் பட்டை பெரிதாகிவிடும்.

புதிய பிராவைக் கடைசிக் கொக்கியில், அதாவது மிகத் தளர்வான கொக்கியில், மாட்டிப் பாருங்கள். பட்டைக்கு அடியில் இரண்டு விரல் நுழையலாம், அதற்கு மேல் கூடாது. கைகளை உயர்த்துங்கள், பட்டை முதுகில் மேலேறினால் அது பெரிது. கப்பின் ஓரத்தில் மார்பு பிதுங்கினால் கப் சிறிது. பின்கொக்கி மாட்ட முடியாதவர்கள் முன்பக்கம் கொக்கி உள்ளதைக் கேட்டு வாங்கலாம். மார்பகம் அகற்றப்பட்டவர்கள் செயற்கை மார்பகத்தை அணிந்துகொண்டே அளவெடுக்க வேண்டும். மருத்துவமனையின் மார்பகப் பராமரிப்புத் தாதியிடம் ஆலோசனை கேளுங்கள்.

அளவெடுக்கும்போது தோலையும் பாருங்கள்

நம் புழுக்கத்தில் மார்பு மடிப்புக்குள் வியர்வை தங்கும். குளித்ததும் அந்த இடத்தை ஒற்றித் துடைத்து உலர விடுங்கள். பவுடரை அள்ளிப் போடும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. ஈரத்தில் அது கட்டியாகி உறுத்தும். சிவந்து, நீர் கசிந்து, வாடை வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் தாமதிக்க வேண்டாம்.

இரு மார்பகங்களும் சற்று வேறுபட்டிருப்பது சகஜம். புதிதாக ஒன்று மட்டும் பெருத்தாலோ, கட்டி, தோலில் குழிவு, உள்ளிழுத்த காம்பு, காம்பிலிருந்து இரத்தக் கசிவு ஆகியவற்றில் எது தென்பட்டாலும் உடனே பலதுறை மருந்தகத்துக்கோ உங்கள் குடும்ப மருத்துவரிடமோ செல்லுங்கள். வலி இல்லையே என்று விட்டுவிடாதீர்கள்.

அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும், 50 வயதைக் கடந்த பெண்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை மேமோகிராம் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அன்று சேலைக்குப் பதிலாக மேற்சட்டையும் பாவாடையோ காற்சட்டையோ அணிந்து வந்தால் வசதி. அக்குளிலும் மார்பிலும் பவுடர் போடாமல் வாருங்கள். படத்தில் அது புள்ளிகளாகத் தெரியக்கூடும்.