நகர மலேரியாவும் கணினி நிலப்படமும்

மலேரியா என்றவுடன் காடும் கழனியும் சதுப்பு நிலமுமே நினைவுக்கு வருவது இயல்பு. ஆயினும் நம் நாட்டு நகரங்களிலும் இந்நோய் நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. 1953-இல் தேசீய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கிற்று. நகரங்களுக்கெனத் தனித் திட்டம் 1971-இல் வகுக்கப்பட்டது.

நகரில் இந்நோயைப் பரப்பும் முதன்மையான கொசு அனோபிலிஸ் ஸ்டெபென்ஸி ஆகும். இது பெரும்பாலும் தெளிந்த நீரையே நாடும். மூடியில்லாத மாடித் தொட்டி, கிணறு, தரைத் தொட்டி, புதுக் கட்டடத்தின் கான்கிரீட் தளத்தில் பாத்தி கட்டித் தேக்கிய நீர் ஆகியவை இதற்கு உகந்த இடங்கள். வெப்பமான காலத்தில் முட்டை கொசுவாக மாற ஏறத்தாழ 7 முதல் 10 நாட்களே ஆகும். ஆகவேதான் நீர்நிலைகளை வாரந்தோறும் பார்வையிட வேண்டும் என்ற விதி ஏற்பட்டது.

நோயாளியின் இரத்தத்தைக் குடித்த கொசு, பிறருக்கு நோயைத் தரும் நிலையை எய்தவும் பத்து நாட்களுக்கு மேல் ஆகலாம். கட்டுப்பாட்டுப் பணிக்குக் கிடைக்கும் அவகாசம் இதுவே. நோயாளி ஒரு வட்டத்தில் வசிப்பார். வேறொரு வட்டத்திலுள்ள மருத்துவமனையில் இரத்தம் சோதிக்கப்படும். காகிதப் பதிவேடு அலுவலகம் சென்று திரும்பி, ஊழியர் வீட்டைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் இந்த அவகாசம் கழிந்துவிடும்.

இக்குறையைப் போக்க வந்ததே கணினி நிலப்படம். ஒரே நகரின் படத்தைப் பல கண்ணாடித் தாள்களில் வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதற்கு இதனை ஒப்பிடலாம். ஒரு தாளில் தெருக்கள். மற்றொன்றில் கிணறுகளும் தொட்டிகளும். வேறொன்றில் நோயுற்றோர் வீடுகள். செயற்கைக் கோள்களின் உதவியால் ஒவ்வோர் இடமும் தன் அட்சரேகை, தீர்க்கரேகையுடன் பதிவாகிறது. தாள்களைச் சேர்த்து நோக்கின், எந்தத் தொட்டியைச் சூழ்ந்து காய்ச்சல் பெருகுகிறது என்பது விளங்கும்.

கர்நாடகத்தின் கடற்கரை நகரான மங்களூரில் இம்முறை கையாளப்பட்டது. மலேரியா மிகுந்த அந்நகரில், 2015-ஐ ஒட்டிய ஆண்டுகளில், களப் பணியாளர்களுக்குக் கையடக்கக் கணினிகள் வழங்கப்பட்டன. சோதனையில் நோய் உறுதியானதும் அச்செய்தி அந்தந்தப் பகுதி ஊழியருக்குச் சென்றது. அவர் வீட்டை அடைந்து, சிகிச்சையைக் கவனித்து, சுற்றுப்புற நீர்நிலைகளை ஆய்ந்து, செய்த பணியைப் பதிவு செய்தார். பின்வந்த ஆண்டுகளில் அந்நகரில் நோய் பெரிதும் குறைந்தது.

எனினும் நிலப்படத்தின் எல்லைகளையும் அறிதல் வேண்டும். படத்திலுள்ள புள்ளி நோயாளியின் வீட்டைக் காட்டுமேயன்றி, அவரைக் கொசு கடித்த இடத்தைக் காட்டாது. இரவுக் காவலரும் கட்டடத் தொழிலாளரும் பணியிடத்திலேயே நோயைப் பெற்றிருக்கக் கூடும். ஆதலின் இரவில் எங்கு உறங்கினார் என்பதை ஊழியர் கேட்டறிதல் இன்றியமையாதது. புள்ளியில்லாத இடமெல்லாம் நோயில்லாத இடமும் அன்று. அங்கு எவரும் இரத்தம் சோதிக்காமலும் இருந்திருக்கலாம். பதிவு செய்தமையாலேயே பணி முடிந்ததாகாது. தொட்டிக்கு மூடியிட்ட பின்னரே, விவாக்ஸ் நோயாளி கல்லீரலில் உறங்கும் கிருமிகளுக்கான 14 நாள் மருந்தை முடித்த பின்னரே, அப்புள்ளியின் கடமை தீரும். நோயாளியின் பெயரும் முகவரியும் பிறர் கண்ணுக்குப் படாமல் காக்கப்படல் வேண்டும்.

ஆசிரியர்களும் இப்பணியில் பங்கு கொள்ளலாம். பள்ளியைச் சுற்றியுள்ள தெருக்களின் படத்தை மாணவர்களைக் கொண்டு வரையச் செய்து, திறந்த தொட்டிகளையும் கிணறுகளையும் குறிக்கச் செய்யலாம். கணினியின்றிக் காகிதத்தில் வரைந்தாலும் பயன் குன்றாது. வாரந்தோறும் அதனைத் திருத்தி வருவார்களாயின், தத்தம் வீட்டுத் தொட்டிகளையும் அவர்கள் கவனிக்கத் தொடங்குவர்.

2030-க்குள் மலேரியாவை அகற்றுவது நம் நாட்டின் குறிக்கோள். எங்குச் செல்ல வேண்டும் என்பதை நிலப்படம் உரைக்கும். மாடிப்படி ஏறித் தொட்டியின் மூடியைத் திறந்து பார்க்க வேண்டியவர் களப் பணியாளரே.