சக்கர நாற்காலிக்கும் அளவு உண்டு

மாற்றுத்திறனாளி ஒருவருக்கு எந்தக் கருவி பொருந்தும் என்று ஆராய்ந்து, அதை அவருடைய உடம்புக்கும் வேலைக்கும் ஏற்பச் சரிசெய்து, கை பழகும்வரை உடனிருந்து சொல்லித்தருபவர் உதவித் தொழில்நுட்ப வல்லுநர். உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2022இல் வெளியிட்ட அறிக்கையின்படி, மூக்குக் கண்ணாடியையும் காதொலிக் கருவியையும் சேர்த்தால், 250 கோடிக்கும் மேற்பட்டோருக்கு ஏதாவது ஓர் உதவிக் கருவி தேவை.

கருவி வந்துவிட்டால் மட்டும் போதாது. அமெரிக்காவில் பிலிப்ஸ், ஜாவ் இருவரும் 227 பேரிடம் நடத்தி 1993இல் வெளியிட்ட ஆய்வில், 29.3 விழுக்காடு கருவிகள் கைவிடப்பட்டிருந்தன. தேர்வு செய்யும்போது பயன்படுத்துபவரின் கருத்தைக் கேட்காமல் விட்டது அதற்கான முக்கியக் காரணங்களில் ஒன்று. இந்தத் தொழிலின் தேவை அங்கேதான் தொடங்குகிறது.

சக்கர நாற்காலியை எடுத்துக்கொள்வோம். இருக்கை இடுப்பைவிட அகலமாக இருந்தால் உடம்பு ஒரு பக்கம் சாயும். சக்கரமும் கைக்கு எட்டாது. இருக்கை அதிக ஆழமாக இருந்தால் அதன் விளிம்பு முழங்காலின் பின்புறத்தை அழுத்தும். அமர்ந்திருப்பவர் முன்னால் சரிந்து கூன் போட்டு உட்காருவார். பாதப்பலகை உயர்ந்துபோனால் தொடை தாங்க வேண்டிய எடையெல்லாம் உட்காரும் எலும்புகளின்மேல் இறங்கும். தண்டுவடம் பாதிக்கப்பட்டவருக்கு அந்த அழுத்தத்தின் வலி தெரியாமல் போகலாம். புண் உண்டாகி, ஆழமாகி, உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் பயிற்சி பெற்றவர், அமர்ந்திருப்பவரின் எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே கையை நுழைத்து விரல் நுனியை அசைத்துப் பார்ப்பார். விரல் அசைந்தால் சரி. நசுங்கினால் மெத்தையை மாற்ற வேண்டும். அவ்வப்போது முன்னாலோ பக்கவாட்டிலோ சாய்ந்து அழுத்தத்தைக் குறைக்கவும் பழக்குவார். சென்னை ஐஐடியில் உருவான ‘நியோஃபிளை’ நாற்காலி ஆளுக்கு ஏற்ற அளவில் செய்து தரப்படுகிறது; ஒரே அளவில் வாங்கி எல்லோருக்கும் கொடுக்கும் வழக்கத்தைவிட இது எவ்வளவோ மேல்.

பார்வையற்றோருக்கான கணினிப் பயிற்சி வேறு வகை. மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்ற பார்வையற்ற ஆஸ்திரேலியர்கள் இருவர் உருவாக்கிய ‘என்விடிஏ’ திரைவாசிப்பு மென்பொருள் 2006 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. மவுஸ் இல்லாமல் விசைப்பலகை வழியாகவே எல்லாவற்றையும் செய்ய வேண்டும். இணையப் பக்கத்தில் ‘எச்’ விசையைத் தட்டினால் அடுத்த தலைப்புக்குத் தாவலாம். இதுபோன்ற குறுக்குவழிகள்தான் வேகத்தைத் தரும். தமிழில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பைக் கண்ணால் படிக்கலாம்; மென்பொருளுக்கு அது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். யூனிகோடுக்கு மாற்றினால்தான் தமிழாகக் காதில் விழும். அதைச் செய்யக் கற்றுத்தருவதும் பயிற்சியாளரின் வேலை.

பேச முடியாத குழந்தைகளுக்குப் படத்தைத் தொட்டால் ஒலிக்கும் செயலிகள் இருக்கின்றன. ‘ஆவாஸ்’ செயலி, சென்னை வித்யாசாகர் அமைப்பின் ஒத்துழைப்போடு உருவானது. ‘இதைக் கொடுத்தால் குழந்தை பேசவே பேசாதோ’ என்று பெற்றோர் அஞ்சுவது இயல்பு. பேச்சுக்கு மாற்றான வழிகளைப் பயன்படுத்தியவர்களைப் பற்றி மில்லர் முதலியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், 27 பேரில் ஒருவருக்கும் பேச்சு குறையவில்லை, பெரும்பாலோருக்குக் கூடியிருந்தது. இதை வீட்டாருக்குப் பொறுமையாக விளக்குவதும், சோற்றுத் தட்டின் முன்னும் விளையாட்டிலும் அவர்களே செயலியைத் தொட்டுப் பேசிக்காட்டப் பழக்குவதும் வல்லுநரின் பொறுப்பு.

குழந்தை வளரும், நோய் முற்றும், சக்கரம் தேயும். ஆகவே ஒருமுறை பொருத்திய கருவியைத் திரும்பத் திரும்பப் பார்த்துத் திருத்த வேண்டியிருக்கும்.

இந்தத் துறைக்கு ஒரே வாசல் என்று இல்லை. இயன்முறை மருத்துவம், செயற்கை அவயவப் பொறியியல், செவித்திறன்-பேச்சுப் பயிற்சி, சிறப்புக் கல்வி, கணினி எனப் பல பக்கங்களிலிருந்தும் வருகிறார்கள். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் உள்ள பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் மறுவாழ்வுப் படிப்புகளை நடத்துகிறது. செவித்திறன், செயற்கை அவயவம், சிறப்புக் கல்வி போன்ற பிரிவுகளில் பணியாற்ற, 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். திரைவாசிப்புப் பயிற்சியில் பார்வையற்றவர்களே ஆசிரியர்களாக இருப்பது பரவலான வழக்கம். மாணவர் எந்த விசையில் தடுமாறுவார் என்று அவர்களுக்கு முன்கூட்டியே தெரியும்.