கீழாநெல்லியும் காமாலையும்

மதுரைப் பக்கம் ஒரு மழை பெய்தால் போதும். வயல் வரப்பெல்லாம் கீழாநெல்லி! இலைகளின் கீழே கடுகு போல் காய்கள் தொங்கும். காமாலை கண்டவருக்கு இதை அரைத்து மோரில் கலந்து கொடுப்பார்கள்.

இதில் அப்படி என்ன சக்தி?

செடியில் 'பில்லாந்தின்' என்ற சத்து உண்டு. எலியின் ஈரல் அணுக்களை அது நஞ்சிலிருந்து காத்தது. சரி, மனிதனுக்கு?

சென்னையில் டாக்டர் தியாகராஜன் சோதித்துப் பார்த்தார். அவருடன் சேர்ந்தவர் லேசுப்பட்டவர் அல்ல. 'ஹெபடைடிஸ் பி' காமாலைக் கிருமியைக் கண்டுபிடித்து, 1976-ல் நோபல் பரிசு பெற்ற அமெரிக்க விஞ்ஞானி புளூம்பெர்க்! கிருமியைச் சுமந்தவர்களுக்கு 30 நாள் செடித்தூள் கொடுத்தார்கள். 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. மருந்தில்லாத வெறும் தூள் சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. 1988-ல் இது வெளியானதும் ஒரே பரபரப்பு.

ஆனால் வெளிநாடுகளில் சோதித்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை.

காமாலையில் பல வகை. சில தாமாகவே தணியும். பெயர் பச்சிலைக்குப் போய்விடும்! 'பி' கிருமி அப்படியல்ல. கண் தெளிந்த பிறகும் சிலர் உடலில் தங்கி, பல ஆண்டுகள் ஈரலை அரிக்கும். ரத்தப் பரிசோதனைதான் அதைக் காட்டிக்கொடுக்கும்.

அதே புளூம்பெர்க் வழிகாட்டிய தடுப்பூசி, பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைகளுக்குப் போடப்படுகிறது. மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியில் அதற்குக் காசு இல்லை.