தெருவில் பாடிய ‘மனுசங்கடா’

எண்பதுகளில் ஓர் ஊருக்குள் கலைக்குழு வந்தால் முதல் வேலை வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சுவதுதான். தோல் விறைத்தால்தான் நாதம் எழும். கே.ஏ.குணசேகரனின் ‘தன்னானே’ குழு அப்படி ஊர் ஊராகக் கொண்டுபோன பாட்டு, கவிஞர் இன்குலாபின் ‘மனுசங்கடா’.

கீழக்கரையில் பிறந்து, சென்னை புதுக்கல்லூரியில் தமிழ் நடத்தியவர் இன்குலாப். இந்தக் கவிதையில் அந்த வகுப்பறைத் தமிழ் துளியும் இல்லை. சேரித்தெருப் பேச்சு அப்படியே இருக்கிறது. 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 தலித் மக்கள் எரிக்கப்பட்ட நினைவோடு சேர்த்தே இந்தப் பாட்டு பாடப்பட்டு வந்தது. வெறும் கோபப் பாட்டு என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. என் கணக்கில் அது நம்பிக்கைப் பாட்டு. எதிரில் நிற்பவனுக்குச் சொன்னால் உறைக்கும் என்று நம்பாதவன், தானும் மனிதன்தான் என்று எதற்காக வாதாடப்போகிறான்?

இளையான்குடி பக்கத்து மாரந்தைக்காரரான குணசேகரன் இந்தப் பாட்டுக்கு நாட்டுப்புற மெட்டுப் போட்டார். பல்லவியைக் கூட்டமே வாங்கிப் பாடலாம். எழுத்துத் தெரியாதவருக்கும் மனப்பாடம். புத்தகம் எட்டாத வீடுகளுக்கு கேசட் போனது.

அந்தத் தெருப்பாட்டின் வாரிசாக, 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ மேடையேறியது. இயக்குநர் பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. பெயருக்கு மூலம், சாதி எதிர்ப்புச் சிந்தனையாளர் அயோத்திதாசர் வழங்கிய ‘சாதி பேதமற்ற’ என்ற சொல். கானா, ராப், பறை, கிதார் எல்லாம் ஒரே வரிசையில். ஆண்களின் சொத்தாக இருந்த கானாவைக் குழுவின் இசைவாணி பாடினார். பறையிலும் பெண்கள் வந்து நாளாயிற்று. திண்டுக்கல் சக்தி கலைக்குழு 1990 முதலே அதைச் செய்கிறது.

இப்போது ஃபைபர் பறை வந்துவிட்டது. காய்ச்ச வேண்டாம், மழைக்கும் தொய்யாது. பழைய நாதம் இல்லை என்று மூத்த கலைஞர்கள் முணுமுணுக்கிறார்கள், உண்மைதான். ஆனால் சாவு வீட்டு வாசலில் நிறுத்தப்பட்டிருந்த கருவியைக் கல்லூரி மாணவி தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறுகிறாள். நாதம் கொஞ்சம் குறைந்தால் குறையட்டும்.

எனக்குள்ள குறை வேறு. அன்று கூட்டம் திருப்பிப் பாடியது. இன்று கைபேசியில் படம் பிடிக்கிறது. பாட்டு யூடியூபில் உலகம் சுற்றுகிறது, வாயில் தங்குவதில்லை.

குணசேகரன், இன்குலாப் இருவருமே 2016இல் மறைந்தார்கள். அடுத்த ஆண்டு இன்குலாபின் ‘காந்தள் நாட்கள்’ கவிதை நூலுக்குச் சாகித்திய அகாடமி விருது அறிவிக்கப்பட்டது; குடும்பத்தார் வாங்க மறுத்துவிட்டார்கள். அவர்கள் போனாலும் கொடுமை போகவில்லை. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை வேங்கைவயலில், பட்டியல் சமூகத்தார் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது தெரியவந்தது. அந்தப் பாட்டுக்கு இன்னும் வேலை இருக்கிறது. இளைய குழுக்களே, புதுப்பாட்டு நிறையக் கட்டுங்கள். நடுவே ‘மனுசங்கடா’வையும் ஒருமுறை எடுங்கள். பல்லவி வரும்போது மைக்கைக் கூட்டத்தின் பக்கம் திருப்பிவிடுங்கள்.