உப்புத் தண்ணிக்கு ஓர் எண் உண்டு

கோவைப் பக்கம் வீடு பார்க்கப் போனால் வாடகையைக் கேட்பதற்கு முன்பே கேட்டுவிடுவார்கள்: "நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா வருதுங்க?" சிறுவாணி, பில்லூர் என்று ஆற்றுத் தண்ணீர் வருவதற்கு ஒரு குழாய். போரிலிருந்து மாடித் தொட்டிக்கு ஏறி இறங்கும் உப்புத் தண்ணிக்கு இன்னொரு குழாய். உப்பு என்று பெயர்தானே ஒழிய, அதில் சங்கதி பெரும்பாலும் சுண்ணாம்பு. மதுக்கரை சிமென்ட் ஆலைக்குக் கல் கொடுத்த பூமி இது. தோண்டினால் பல இடங்களில் சுக்கான் பாறை தட்டும். மண்ணில் இறங்கும் மழைநீர் கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு, பாறையில் இருக்கும் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொள்கிறது. அதுதான் கடினத்தன்மை.

வீட்டில் இதை முதலில் கண்டுபிடிப்பது சமையல்கட்டுதான். துவரம் பருப்பு எத்தனை விசில் விட்டாலும் மசியாது. பருப்பின் தோலிலும் சதையிலும் உள்ள பெக்டினைக் கால்சியம் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. குளியலறையில் சோப்பு நுரைக்காமல் திரிதிரியாய்ப் பிரிந்து வாளி ஓரத்தில் ஒட்டும். வெள்ளைச் சட்டை நாளாக நாளாகப் பழுப்பேறும். பவுடரை அள்ளிப் போட்டுப் போட்டு மாதச் செலவு ஏறுவதை யாரும் தண்ணீர்க் கணக்கில் எழுதுவதில்லை.

பணமும் ஆபத்தும் சேர்ந்து இருக்கும் இடம் ஹீட்டர். தண்ணீர் சூடாகும்போது கரைந்திருந்த பைகார்பனேட் உடைந்து, சுண்ணாம்பாகக் காயிலின் மேல் படிகிறது. அந்த ஓடு வெப்பத்தைத் தண்ணீருக்கு விடாது. மின்சாரம் கூடுதலாக இழுக்கும். காயில் தன் சூட்டிலேயே வெந்து ஒரு நாள் போகும். அதைவிடக் கவனிக்க வேண்டியது சேஃப்டி வால்வு. உள்ளே அழுத்தம் மிஞ்சினால் திறந்து வெளியே விட வேண்டிய அந்தச் சின்ன வால்வு சுண்ணாம்பில் இறுகிப் போனால், தொட்டியே வெடிக்கும் வாய்ப்பு உண்டு. உப்புத் தண்ணியில் ஓடும் ஹீட்டரை வருடத்துக்கு ஒரு முறையாவது திறந்து சுத்தம் செய்யச் சொல்லுங்கள். வால்வு வேலை செய்கிறதா என்று கண்ணெதிரே காட்டச் சொல்லுங்கள். வெப்பநிலையை 50, 55 டிகிரியில் வைத்தால் படிவும் குறையும்.

குழாய் முனை, ஷவர், கெட்டில் ஆகியவற்றில் படிந்த வெள்ளைக்குக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு போதும். வெந்நீரில் கரைத்து ஊற வைத்தால் விட்டுவிடும். ஆனால் நம் ஆட்களுக்கு ஆசிட் மேல்தான் நம்பிக்கை. டைல்ஸ் கறைக்கு ஆசிட்டை ஊற்றி, அதன் மேலேயே பிளீச்சிங் பவுடரையும் தூவினால் குளோரின் வாயு கிளம்பும். கதவடைத்த குளியலறையில் அது உயிரையே எடுக்கலாம்.

இந்தத் தண்ணீரைக் குடித்தால் கிட்னியில் கல் வருமா என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. கடினநீர்தான் கல்லுக்குக் காரணம் என்று உறுதியாக நிறுவப்படவில்லை. உலக சுகாதார நிறுவனம் கடினத்தன்மைக்கு உடல்நலம் சார்ந்த வரம்பு எதையும் வைக்கவில்லை. தண்ணீர் ருசிக்கவில்லை என்று குறைவாகக் குடிப்பதுதான் கல்லுக்கு வழி விடும். நான் பயப்படுவது வேறு இரண்டைப் பார்த்து. நைட்ரேட், ஃப்ளோரைடு. இவை நாக்குக்குத் தெரியாது, பாத்திரத்திலும் படியாது. போர் தண்ணீரைக் குடிக்கும் வீடுகள் இவற்றைப் பரிசோதிக்காமல் சுண்ணாம்பைப் பற்றி மட்டும் கவலைப்படுவதில் அர்த்தமில்லை.

ஐ.எஸ். 10500 என்ற இந்தியத் தர அளவின்படி, குடிநீரில் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு நீராதாரமே இல்லையென்றால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். நைட்ரேட் 45-ஐத் தாண்டக் கூடாது. அதற்குச் சலுகையே இல்லை. ஃப்ளோரைடு 1, மிஞ்சிப் போனால் 1.5. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் பொதுமக்களும் கட்டணம் கட்டிப் பரிசோதிக்கலாம். எந்த மெஷினையும் வாங்கும் முன் அந்தத் தாள் கையில் இருக்கட்டும்.

ஏனென்றால், பயம் காட்டி விற்கும் கூட்டம் ஒன்று இருக்கிறது. உங்கள் குழாய்த் தண்ணீரில் இரண்டு கம்பிகளை விட்டு மின்சாரம் பாய்ச்சுவார்கள். நிமிடத்தில் சாக்கடை நிறமாகும். அவர்கள் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர் தெளிவாகவே நிற்கும். கரைந்தது உங்கள் தண்ணீரில் இருந்த அழுக்கு இல்லை, கம்பியின் இரும்பு. ஆர்.ஓ. தண்ணீரில் தாது குறைவு, மின்சாரம் சரியாக ஓடாது, அதனால் கம்பி கரையவில்லை. அவ்வளவுதான் வித்தை. பேனா போல நீட்டும் டி.டி.எஸ். மீட்டரும் கரைந்திருப்பவற்றின் மொத்தத்தைத்தான் தோராயமாகக் காட்டும். அதில் சுண்ணாம்பு எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. இப்படி ஏமாற்றி விற்றிருந்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது.

கடினத்தன்மையை நீக்கும் சாஃப்ட்னர் மெஷின் நிஜமாகவே வேலை செய்யும். ஆனால் கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தை விடும்: 100 மில்லிகிராம் கடினத்தன்மைக்கு 46 மில்லிகிராம் சோடியம். ரத்த அழுத்தக்காரர் இருக்கும் வீட்டில் குளியலறைக்கும் வாஷிங் மெஷினுக்கும் கொடுங்கள், சமையல் குழாயை விட்டுவிடுங்கள். மாடியில் விழும் மழைநீரில் சுண்ணாம்பு ஏறக்குறைய இல்லை என்பதும் நினைவில் இருக்கட்டும். 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது வைத்த குழி பல வீடுகளில் இன்று குப்பைத் தொட்டி.

உள்ளாட்சி கொடுக்கும் தண்ணீரே கடினமாக இருந்தால் என்ன செய்வது? 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, உங்கள் வார்டின் கடைசி ஆறு மாதப் பரிசோதனை அறிக்கைகளின் நகலைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். "600-க்குள் இருக்கிறதே" என்பார்கள். அந்த 600 வேறு ஆதாரம் இல்லாத ஊருக்கு. பக்கத்துத் தெருவுக்கு ஆற்றுத் தண்ணீர் போகும்போது இந்தப் பதில் எப்படிச் செல்லும் என்று எழுத்தில் கேளுங்கள்.

அடுக்குமாடி வாங்குகிறவர்களுக்கு இன்னொன்று. 'சிறுவாணித் தண்ணீர் உண்டு' என்று விளம்பரம் செய்துவிட்டு வெறும் போர் தண்ணீரைக் கொடுத்தால், 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் இழப்பீடு கேட்கலாம். வீடே வேண்டாம் என்றால் பணத்தை வட்டியோடு திரும்பக் கேட்கவும் இடம் உண்டு. அதற்கு அந்த விளம்பரம்தான் சாட்சி. முன்பணம் கட்டிய அன்று கொடுத்த வழவழப்பான தாளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாமல், கிரயப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள்.